தங்கவயலின் ஆழமும் கல்லூரிச் சோதனைச்சாலையும்

கோலார் தங்கவயல் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, பூமிக்கு அடியிலிருந்து எடுத்த பொன். மற்றொன்று, அப்பொன்னை எடுக்கச் சென்ற நம் மக்கள். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. உலகப் பௌதிக வரலாற்றில் அவ்வூருக்கு ஒரு நிலையான இடம் உண்டு என்பதே அது. இந்தச் செய்தியை அவ்வூராரிலேயே பலர் அறியார். அதிலிருந்து தொடங்கி, அதனினும் குறைவாகப் பேசப்படும் வேறொரு பொருளுக்கு வர விரும்புகிறோம். நம் நாட்டுக் கல்லூரிகளின் பட்ட வகுப்புகளில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் முறையைச் சீர்செய்வதற்கென்று பொதுப்பணம் எவ்வாறு வழங்கப்பட்டு வந்தது, அதனால் விளைந்தது என்ன, விளையாமற் போனது என்ன என்பதே அப்பொருள். மானியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இது அலுவலகத்தார் விவகாரம் என்று ஒதுங்கிவிட வேண்டா. சொந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறி, பிள்ளைகளின் கல்வி ஒன்றையே பெருஞ்செல்வமாகக் கருதி வாழும் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான விவகாரம் வேறு இல்லை.

பழைய மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு எல்லையில், இன்றைய தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் அண்மையில் அமைந்தது தங்கவயல். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் பொன்தாங்கிய சாம்பியன் ரீஃப் என்னும் பாறைப்படிவம் அகப்பட்டது. அதன்பின் அங்கு வேலைக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் ஆகிய வறண்ட சீமைகளிலிருந்து வந்தோரே மிகப் பலர். அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரே பெரும்பாலோர். 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து, சுமார் 92 மைல் தொலைவு கம்பி இழுத்து, சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் அத்துணைத் தொலைவுக்கு மின்சாரம் கடத்தப்பட்டது உலகெங்கும் வியந்து பேசப்பட்டதொரு செயலாகும். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

வேலைக்கு வந்தவர்கள் கூலியோடு நின்றுவிடவில்லை. கல்வியின் மேல் அவர்களுக்கு இருந்த வேட்கை குறிப்பிடத்தக்கது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் ஒரு கிளை இயங்கிற்று. பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழைத் தங்கவயல் தொழிலாளர் ஆர்வத்துடன் வாங்கிப் படித்தனர். பண்டிதர் 1914-இல் மறைந்தார். இதழும் பின்னர் நின்றது. அதனை 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். பகலெல்லாம் பூமிக்கு அடியில் உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து ஏடு படித்த ஒரு சமூகத்தை நாம் இங்கே காண்கிறோம். அறிவின் மீது அவர்களுக்கு இருந்த பற்றுக்கு எவரும் மானியம் வழங்கவில்லை. அது அவர்களே தேடிக்கொண்ட செல்வம்.

சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே சென்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலுள்ள மலையனைய பாரத்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அவ்வெடிப்புகளில் உயிர் நீத்தோர் பலர். பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு மடிந்தோரும் பலர். இவ்வாறு உயிரைக் கொடுத்துத் தோண்டிய அந்த ஆழந்தான், எவரும் எதிர்பாராத வகையில், விஞ்ஞானிகளுக்கு ஓர் அரிய வாய்ப்பாக அமைந்தது.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் என்னும் துகள்கள் இடைவிடாமல் பூமியின் மேல் பொழிந்துகொண்டிருக்கின்றன. அவை காற்று மண்டலத்தில் மோதுவதால் மியூவான் முதலிய வேறு துகள்கள் பிறக்கின்றன. பாறையின் தடிப்பு மிக மிக, அதைத் துளைத்து உள்ளே வரும் மியூவான்களின் தொகை குறைந்துகொண்டே போகும். எந்த ஆழத்தில் எத்தனை வருகின்றன என்று அளந்தால், அக்கதிர்களின் ஆற்றலைக் கணக்கிடலாம். இதற்கு ஆழமான சுரங்கம் வேண்டும். 1951-இல் ஹோமி பாபாவின் யோசனைப்படி, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் கைகர் எண்ணிக் கருவிகளுடன் தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்கினார். நஞ்சன்கூட்டிற் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர் அவர். பிற்காலத்தில் அந்நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி மியாகேயும், நம் நாட்டு வி. எஸ். நரசிம்மனும், பி. வி. ரமண மூர்த்தியும் இன்னும் ஆழமாக இறங்கி அளந்தனர். மிக ஆழமான இடத்தில் பல வாரங்கள் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. சோதனை வீணாயிற்று என்று சாதாரண மனிதர் எண்ணியிருப்பர். அவர்களோ அந்த மௌனத்தையே பெரும்பேறாகக் கருதினர். வேறு துகள்களின் ஆரவாரம் அடங்கிய இடத்தில்தான் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டைக் காண இயலும். பூமியையே ஊடுருவிச் செல்லும் இயல்புடையது அது. எதனோடும் எளிதில் மோதாது. டாடா நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். 1965-இல், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவடு அங்கே காணப்பட்டது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் அமெரிக்க விஞ்ஞானி ரைன்ஸ் குழுவினர் இதனைக் கண்டனர். உலகில் இயற்கை நியூட்ரினோ முதன்முதலாகக் காணப்பட்ட இடங்கள் இவ்விரண்டுமே. பின்னர் 1980 முதல், புரோட்டான் தானே சிதையுமா என்று ஆராய 140 டன் இரும்புக் கருவி ஒன்று அதே சுரங்கத்தில் நிறுவப்பட்டு இயங்கிற்று. 1992-இல் அங்கு ஆராய்ச்சிகள் யாவும் நிறைவுற்றன.

இவ்வாராய்ச்சிகளுக்குத் தாராளமாகவே பணம் கிடைத்தது. அணுசக்தித் துறையின் ஆதரவு டாடா நிலையத்துக்கு இருந்தது. அது தகுந்த செலவு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. கருவிகளை இறக்கிய கூண்டை இயக்கியவர், இரும்பை நகர்த்தியவர், அக்குகையைக் குடைந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் அக்கருவிகளின் முன் ஆராய்ச்சியாளராக வந்து நிற்பதற்கு வழி எது? பள்ளிப்படிப்பு மட்டும் போதாது. ஆராய்ச்சி நிலையமோ முதுகலை முடித்தவரைத்தான் சேர்த்துக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பாலம் இருக்கிறது. அதுதான் கல்லூரியின் பட்ட வகுப்பு. பி.எஸ்ஸி. வகுப்பின் ஆசிரியரும், கரும்பலகையும், சோதனைச்சாலையின் மேசையுமே அப்பாலத்தின் பலகைகள். அப்பலகைகள் உளுத்துப்போனால், அக்கரையில் எத்தனை பெரிய மாளிகை கட்டினாலும் இக்கரையில் நிற்கும் ஏழைப் பிள்ளைக்குப் பயனில்லை.

நல்ல பட்ட வகுப்பு என்ன செய்ய வல்லது என்பதற்கு நம்மிடையே இரண்டு சான்றுகள் உண்டு. முதலாவது, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. ராமனைப் பற்றியது. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, அங்கிருந்த சாதாரண நிறமாலைமானியைக் கொண்டு ஒளியலைகளின் ஒரு தன்மையைக் கண்டறிந்து எழுதினார். அக்கட்டுரை 1906-இல் லண்டன் 'பிலசாபிகல் மாகசீன்' ஏட்டில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 18. விலையுயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை. இருந்த கருவியைத் தம் விருப்பம்போல் கையாளும் உரிமை மட்டும் இருந்தது. பல கல்லூரிகளில் கருவிகள் இருந்தும் இல்லாதது இவ்வுரிமைதான்.

இரண்டாவது சான்று கணிதத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டு ஏசுசபைத் துறவியான சார்ல்ஸ் ராசீன், பாரிஸில் எலீ கார்த்தானிடம் பயின்று பட்டம் பெற்றவர். 1937-இல் இந்தியா வந்து, 1939 முதல் சென்னை லயோலா கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். அக்காலப் பாடத்திட்டம் பழைய இங்கிலாந்து முறையைப் பின்பற்றித் தேர்வுக் கணக்குகளைத் திரும்பத் திரும்பச் செய்விப்பதாக இருந்தது. ராசீன் அதற்கு அப்பால் நவீன கணிதத்தைத் தம் மாணவர்க்குக் காட்டினார். அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் டாடா நிலையத்துக்குச் சென்று, தம் பெயரால் இன்று உலகெங்கும் வழங்கும் தேற்றத்தை வெளியிட்டனர். அது வெளியான ஆண்டும் 1965. தங்கவயலின் ஆழத்தில் நியூட்ரினோ கண்டறியப்பட்ட அதே ஆண்டில், ஒரு கல்லூரி வகுப்பறையில் விதைத்த விதை உலகக் கணிதத்தில் கனி கொடுத்தது. முன்னதற்கு இரும்பும் மின்சாரமும் வேண்டியிருந்தன. பின்னதற்குச் சுண்ணக்கட்டியும் ஓர் ஆசிரியருமே போதுமாயின. ஆயினும் அந்த ஆசிரியர் ஏதோ நல்வினைப் பயனாக நமக்கு வாய்த்தவர். நாடெங்கும் உள்ள கல்லூரிகள் அத்தகைய நல்வினையை நம்பியிருக்க முடியுமா? முடியாது என்பதனாலேயே மானியம் என்னும் ஏற்பாடு தேவையாகிறது.

கல்விக்கு அரசு உதவிப்பணம் அளிக்கும் முறை நம் நாட்டில் 1854-ஆம் ஆண்டு வுட் துரையின் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் பள்ளி, கல்லூரிகளை நடத்துவதற்கான உதவியே. கற்பிக்கும் முறையை மாற்றுவதற்கான உதவி அன்று. விடுதலைக்குப் பின், 1953 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கப்பெற்று, 1956-இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. 1958-இல் இந்திய அரசின் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. கல்லூரிகளும் பெருகின. ஆனால் கல்லூரிச் சோதனைச்சாலையில் வெர்னியர் அளவுகோலும், வளைந்த தராசும், விடையை முன்கூட்டியே எழுதிவைத்த பதிவேடும் மாறவில்லை.

இந்நிலையில் அமெரிக்காவிலிருந்து ஒரு புதிய எண்ணம் பரவிற்று. 1950-இல் அங்கு தோன்றிய தேசிய விஞ்ஞான அறக்கட்டளை, ஆராய்ச்சிக்கு மட்டுமன்றி, ஆசிரியரைத் திரும்பவும் மாணவராக்கிப் புதிய விஞ்ஞானம் கற்பிக்கும் கோடைக்கால வகுப்புகளுக்கும் பணம் அளித்தது. 1957 அக்டோபரில் ருஷ்யா ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியதும் அமெரிக்கர் திகைத்தனர். பின்தங்கியது ஏவுகணையில் மட்டும் அன்று, வகுப்பறையிலும்தான் என்று உணர்ந்தனர். மறு ஆண்டே கல்விக்கென ஒரு தனிச் சட்டம் செய்து பெரும் பணம் ஒதுக்கினர். அம்முறையைத் தழுவி, நம் மானியக் குழுவும் அமெரிக்க உதவியுடன் 1963 முதல் கோடைக்கால ஆசிரியர் வகுப்புகளை நடத்திற்று. முதலிற் பள்ளி ஆசிரியர்க்கும் பின்னர்க் கல்லூரி ஆசிரியர்க்கும் இவை நடைபெற்றன. சிற்றூர்க் கல்லூரியில் பத்தாண்டுகளாக ஒரே குறிப்பேட்டை வாசித்துவந்த ஆசிரியர், ஒரு கோடை முழுதும் தம்போன்ற ஆசிரியர்களோடு அமர்ந்து, தாமே கருவியைத் தொட்டுச் சோதனை செய்தார் என்பது அக்காலத்தில் சிறிய மாற்றமன்று.

1964 முதல் 1966 வரை டாக்டர் தௌலத் சிங் கோத்தாரியின் தலைமையில் கல்விக் குழு ஆராய்ந்தது. கோத்தாரி தாமே ஒரு பௌதிக அறிஞர். 1961 முதல் 1973 வரை மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். விஞ்ஞானக் கல்வியை நாட்டு முன்னேற்றத்தின் அடிப்படையாக அவர் குழு கருதிற்று. அதன்பின் 1970-71-இல் மானியக் குழு தொடங்கியதே கல்லூரி விஞ்ஞானக் கல்வி மேம்பாட்டுத் திட்டம். 'கோசிப்' என்னும் சுருக்கப்பெயரால் கல்லூரி ஆசிரியர் வட்டத்தில் அது அறியப்பட்டது. இத்திட்டத்தில் ஒரு புதுமை இருந்தது. ஒரு துறைக்கு ஒரு கருவி என்று பணத்தைப் பிரித்துக் கொடுக்காமல், தேர்ந்தெடுத்த கல்லூரியின் விஞ்ஞானத் துறைகள் அனைத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, சோதனைச்சாலை, பட்டறை, நூலகம், ஆசிரியர் பயிற்சி, மாணவர் தாமே செய்யும் சிறு ஆய்வுகள் ஆகிய யாவற்றுக்கும் சேர்த்து உதவி செய்தனர். இதனுடன் இணைந்து, ஒரு பல்கலைக்கழகத் துறை தன்னோடு சேர்ந்த கல்லூரிகள் பலவற்றுக்கும் அப்பாடத்தில் வழிகாட்டும் தலைமைத் திட்டமும் நடந்தது. நம் நாட்டில் பட்ட வகுப்பு விஞ்ஞானத்தைச் சீர்செய்வதற்கென்றே எழுந்த முதற் பெருமுயற்சி இது எனலாம். இன்று அப்பெயரில் அத்திட்டம் இல்லை.

அது கற்பித்த பாடங்களை மறத்தலாகாது. முதலாவது, பணத்தால் கருவியை மாற்றலாம். கேள்வித்தாளை மாற்ற இயலாது. கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில். புதிய கருவியில் மாணவன் எத்துணை நன்றாகப் பயின்றாலும், தேர்வு நாளில் கேட்கப்படுவது பழைய சோதனையே. ஆகவே ஆசிரியரும் மாணவரும் பழையதற்கே திரும்பினர். இதனை உணர்ந்தே, தேர்ந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கவேண்டும் என்று கோத்தாரி குழு கூறிற்று. தமிழ்நாட்டில் 1978-79-இல் சென்னை லயோலா, மதுரை அமெரிக்கன் முதலிய சில கல்லூரிகள் தாமே பாடம் வகுத்துத் தாமே தேர்வு நடத்தும் உரிமையைப் பெற்றன. இவ்வகையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியாயிற்று.

இரண்டாவது பாடம், வாங்குவதற்குப் பணம் கிடைத்தது; பேணுவதற்குக் கிடைக்கவில்லை. மானியம் சில ஆண்டுகளுக்கே உரியது. அது முடிந்தபின் உடைந்த பாகத்தை மாற்றவும், ரசாயனப் பொருள் வாங்கவும், துணைப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியிராது. தணிக்கையில் கருவி குறைந்தால் பொறுப்பேற்க வேண்டுமென்ற அச்சத்தால், நல்ல கருவியை மாணவர் கையிற் படாமல் அலமாரியில் பூட்டிவைப்பதும் நிகழும். பூட்டிய அலமாரியின் கண்ணாடி வழியே கருவியைப் பார்த்துவிட்டு அதன் படத்தைப் பதிவேட்டில் வரைந்த மாணவர் பலரை நாம் அறிவோம். மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நோயாளிக்குப் பெயர்ச்சீட்டை மட்டும் காட்டுவது போன்றது இது.

மூன்றாவது பாடமே மிக வேதனையானது. மானியம் பெறுவதற்குத் தகுதி வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2 (எஃப்), 12 (பி) ஆகிய பிரிவுகளின் கீழ்ப் பதிவு பெற்ற கல்லூரியே மானியக் குழுவின் உதவியைப் பெறலாம். நிலையான கட்டடம், நிரந்தர ஆசிரியர், ஒழுங்கான கணக்கு முதலியன இருந்தாலன்றி அப்பதிவு கிடைப்பது அரிது. பொதுப்பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது சரியே. ஆனால் அதன் விளைவு யாதெனின், ஏற்கெனவே நன்றாக நடக்கும் நகரக் கல்லூரிக்கு மேன்மேலும் கிடைக்கிறது. பின்தங்கிய ஊரில் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு தட்டுத்தடுமாறி நடக்கும் கல்லூரி விண்ணப்பமே போட இயலாமல் நிற்கிறது. எந்த வயலுக்கு நீர் மிகவும் வேண்டுமோ அந்த வயலுக்கு வாய்க்கால் வெட்டப்படவில்லை. தொழிலாளர் வாழும் ஊர்களின் கல்லூரிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இக்குறைகளைக் கண்டவர்கள் வாளாவிருக்கவில்லை. கணிதத்தில் ஒரு நல்ல வழி பிறந்தது. அணுசக்தித் துறை 1983-இல் உயர்கணிதத் தேசிய வாரியத்தை அமைத்தது. கணித நூல்கள் வாங்க நூலகங்களுக்கு அது உதவிற்று. அதன் ஆதரவில் 1993-இல் பேராசிரியர் எஸ். குமரேசன் ஒரு கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கினார். நாடெங்கும் உள்ள கல்லூரிகளிலிருந்து மாணவரைத் தேர்ந்து, ஒரு மாத காலம், மனப்பாடத்தை மறக்கச் செய்து, கேள்வி கேட்டுக் கேட்டே கணிதத்தைக் கண்டறியச் செய்யும் பயிற்சி அது. இங்கே பணம் கட்டடத்துக்குச் செல்லவில்லை. மாணவரின் பயணத்துக்கும், உணவுக்கும், ஆசிரியரின் நேரத்துக்குமே சென்றது. சிறு கல்லூரி மாணவர் பலர் தமக்கும் கணிதம் வரும் என்று முதன்முதலாக உணர்ந்தது இத்தகைய முகாம்களிலேதான்.

பௌதிகத்திலும் இவ்வாறே ஒரு தொண்டு நடந்தது. பேராசிரியர் ஆர். சீனிவாசன், ஓய்வுக்குப்பின் மைசூரில் இருந்துகொண்டு, இந்திய விஞ்ஞானக் கழகங்களின் ஆதரவில், கல்லூரி ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பௌதிகப் புத்தொளி வகுப்புகளை நடத்தினார். குறைந்த விலையில் செய்யத்தக்க எளிய கருவித் தொகுதி ஒன்றைக் கொண்டு பல சோதனைகளைத் தாமே செய்து பார்க்க ஆசிரியர்களைப் பழக்கினார். விலையுயர்ந்த ஒரு கருவியை வாங்கிப் பூட்டிவைப்பதைவிட, உடைந்தால் தாமே பழுதுபார்க்கக்கூடிய பத்துச் சிறு கருவிகளே மாணவர்க்குப் பயன் தரும் என்பது இத்தகைய வகுப்புகளிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

அரசின் பக்கத்திலும் புதிய திட்டங்கள் வந்தன. 2000-ஆம் ஆண்டையொட்டி விஞ்ஞான தொழில்நுட்பத் துறை, கல்வி நிலையங்களின் சோதனைச்சாலை வசதிக்கான 'ஃபிஸ்ட்' நிதியைத் தொடங்கிற்று. 2008-இல் உயிரித் தொழில்நுட்பத் துறை, பட்ட வகுப்பு மாணவர் தம் கையாலேயே சோதனை செய்து பழகவேண்டும் என்ற நோக்குடன் நட்சத்திரக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கிற்று. கோசிப் திட்டத்தின் எண்ணமே புதிய பெயரில் மீண்டும் துளிர்த்தது எனலாம். 2013-இல், மாநிலக் கல்லூரிகளுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் அளிக்கும் உயர்கல்வி இயக்கம் வந்தது. 2023-இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் நிறைவேறியது. பெருந்தொகைகள் பேசப்படுகின்றன. அத்தொகைகளில் எத்துணைப் பங்கு ஆராய்ச்சி என்னும் கோபுரத்துக்குச் செல்லும், எத்துணைப் பங்கு பட்ட வகுப்பு என்னும் அடித்தளத்துக்குச் செல்லும் என்பதே பார்க்கவேண்டியது.

தங்கவயலுக்குத் திரும்புவோம். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின; 1962-இல் மத்திய அரசின் கைக்கு வந்தன; 1972-இல் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. பொன் குறைந்தது, செலவு மிகுந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் 800 டன்னுக்கும் அதிகமான பொன்னை ஈந்த சுரங்கங்களில் இன்று நீர் நிறைந்து நிற்கிறது. நியூட்ரினோவின் சுவடு கண்ட குகையும் எவரும் அணுக முடியாததாயிற்று. அவ்விஞ்ஞானமோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஜப்பானின் காமியோக்கா சுரங்கத்தில் நடந்த நியூட்ரினோ ஆராய்ச்சிகளுக்கு 2002-இலும் 2015-இலும் நோபல் பரிசு கிடைத்தது. பாறை வெடிப்புகளை ஆராய்ந்து பெற்ற அனுபவம் மட்டும், 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பெற்ற தேசியப் பாறை இயக்கவியல் நிலையத்தின் வழியாக, அணைகளுக்கும் குகைப்பாதைகளுக்கும் இன்றும் பயன்படுகிறது.

மக்களோ அங்கேயே இருக்கின்றனர். பாட்டனார் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார். பேரன் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புகிறான். அங்குள்ள இளைஞருக்கு இனி எடுக்கக்கூடிய பொன் கல்வி ஒன்றே. அக்கல்வியும் பெயரளவுப் பட்டமாக இருந்துவிட்டால் பயனில்லை. பட்டம் பெற்றும் ஒரு மின்சுற்றை இணைக்க அறியாத, ஒரு தேற்றத்தின் காரணத்தைக் கூற அறியாத நிலை, அவ்விளைஞன் செய்த குற்றமன்று. அவனுக்குக் கிடைக்கவேண்டிய பங்கு வழியிலே நின்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் செய்யத்தக்கது உண்டு. நம் சங்கங்கள் பலவும் மாணவர்க்கு உதவித்தொகையும் பரிசுக் கோப்பையும் வழங்குகின்றன, பாராட்டத்தக்கதே. அத்துடன், நாம் வாழும் ஊரின் கல்லூரி 2 (எஃப்), 12 (பி) பதிவு பெற்றிருக்கிறதா, எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது, வந்த பணத்தில் வாங்கிய கருவி மாணவர் கையில் இருக்கிறதா அலமாரியில் இருக்கிறதா என்று மரியாதையுடன் கேட்கத் தொடங்குவோம். பெற்றோர் கேட்கும் கல்லூரியில் முதல்வர் விண்ணப்பம் எழுதுவார். கொடை கொடுக்க வல்லவர், பெயர் பொறித்த மண்டபத்துக்குக் கொடுப்பதைவிட, ஆண்டுதோறும் சோதனைச்சாலையின் சில்லறைச் செலவுக்கும், ஓர் ஆசிரியர் கோடைப் பயிற்சிக்குச் சென்றுவரும் பயணத்துக்கும், ஒரு மாணவன் கணித முகாமுக்குச் செல்லும் ரயில் கட்டணத்துக்கும் ஒரு சிறு நிதியை நிறுவலாம். அரசின் மானியம் விட்டுவைக்கும் இடைவெளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தங்கவயலின் ஆழம் விஞ்ஞானத்துக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. நம் முன்னோர் அதன் விலையை உயிராலும் உடலாலும் கொடுத்தனர். நாடு அந்த ஆழத்தைப் பயன்படுத்திக்கொண்டது; பெருமையும் அடைந்தது. அதற்கு ஈடாக அவர்கள் கேட்டிருக்கக்கூடியது பெரிதொன்றுமில்லை. தம் ஊர்க் கல்லூரியில் ஒரு நல்ல ஆசிரியர், திறந்திருக்கும் ஓர் அலமாரி, தம் பிள்ளை தயக்கமின்றித் தொட்டுப் பார்க்க ஒரு கருவி. இவ்வளவே. அந்தக் கடன் இன்னும் முழுதும் தீரவில்லை.